கண்மாய்ப் பச்சையை அளந்த கருவி

மூன்று கொட்டேஷன் தாள்களை மேசைமேல் பரப்பி வைத்து, அதில் ஒன்றை எடுத்துத் துறைத்தலைவரிடம் நீட்டியது நான்தான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்தவற்றில் மற்றவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தது நான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரையில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் விரிவுரையாளராக இருந்துகொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். வயது இருபத்தெட்டு. கே.கே. நகரில் அக்கா வீட்டு மாடியறையில் இருந்தேன். என் ஆராய்ச்சி கண்மாய்ப் பாசி. அவனியாபுரம் தாண்டித் தெற்கே போனால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கண்மாய்கள் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, வாரம் ஒரு தடவை தண்ணீர் எடுத்து வந்து, அதில் பாசி எவ்வளவு இருக்கிறது, எந்தக் காலத்தில் கூடுகிறது, எப்போது குறைகிறது என்று இரண்டு வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

கரையில் படரும் பாசி அல்ல. தண்ணீரோடு தண்ணீராக மிதக்கும் நுண்பாசி. அதை எண்ணி முடியாது. அதனால் அதிலுள்ள பச்சையத்தை அளப்பார்கள். தண்ணீரை வடிதாளில் வடித்து, தாளில் தங்கும் பச்சையை அசிட்டோனில் ஊறவைத்தால் சாறு இறங்கும். அந்தச் சாற்றின் மீது நீல வெளிச்சத்தைப் பாய்ச்சினால் அது சிவப்பாக ஒளிரும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. முருங்கைக்கீரையைக் கசக்கி எடுத்த சாறு, மாதுளம்பழச் சாறு மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சிவப்பு எவ்வளவு என்று அளக்கும் கருவிக்குப் பெயர் ஃப்ளூரோமீட்டர். சிவப்பு அளவு தெரிந்தால் பச்சையத்தின் அளவு தெரியும், அதிலிருந்து பாசி.

எங்களுக்குக் கிடைத்த நிதி சிறியது. மூன்று கொட்டேஷனில் இரண்டு வெளிநாட்டுக் கருவிகள். வழுவழுப்பான தாளில் வண்ணப்படத்தோடு வந்திருந்தன. அவற்றுக்கு இறக்குமதி உரிமம் வேண்டும், அந்நியச் செலாவணி அனுமதி வேண்டும், எல்லாம் கிடைத்து மெட்ராஸ் துறைமுகத்தில் பெட்டி இறங்க இரண்டு வருடம் ஆகும் என்றார்கள். மூன்றாவது, வடக்கே ஒரு சின்னக் கம்பெனி செய்தது. மருந்துக் கம்பெனிகள் வைட்டமின் அளக்க வாங்குகிற கருவி அது. கண்ணாடி வடிகட்டியை மாற்றிப் போட்டால் பச்சையமும் அளக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

நாலாவது ஒரு வழியும் இருந்தது. வேதியியல் துறையில் ஒரு ஸ்பெக்ட்ரோ இருந்தது. சாறு எவ்வளவு வெளிச்சத்தை விழுங்குகிறது என்று நேரடியாகச் சொல்லும். அங்கே வேலை பார்த்த தோழி, வியாழக்கிழமை மதியம் என்றால் எனக்கு ஒதுக்கித் தருவதாகச் சொன்னாள். எங்கள் கண்மாய்த் தண்ணீருக்கு அதுவே தாராளமாகப் போதும். ஃப்ளூரோமீட்டர் தெளிந்த கடல் தண்ணீருக்கானது, பாசி இருப்பதே தெரியாத தண்ணீருக்கானது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இன்னொரு துறையின் வாசலில் வாரா வாரம் போய் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. என் ஆய்வேட்டில் ஃப்ளூரோமீட்டர் என்ற சொல் வரவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. மதுரையில் அப்போது வேறு யாரிடமும் அது இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

கம்பெனிப் பிரதிநிதி மெட்ராஸிலிருந்து மரப்பெட்டியோடு வந்தார். என் மேசையிலேயே பிரித்து மாட்டினார். சாம்பல் நிறப் பெட்டி, முன்பக்கம் ஒரு டயல், அதில் மெல்லிய முள். நான் கீரைச்சாறு தயாராக வைத்திருந்தேன். ஊற்றியதும் முள் விருட்டென்று எழுந்தது.

“சிவப்பு நல்லாத் தெரியுமா சார் இதுக்கு?” என்று கேட்டேன்.

“தெரியும் மேடம். நீலம் அளவுக்குத் தெரியாது, கொஞ்சம் கம்மியாத் தெரியும். சாறைக் கொஞ்சம் திக்கா எடுத்துக்கோங்க, அவ்ளோதான்” என்றார்.

இன்னும் கொஞ்சம் கெட்டியான சாற்றை ஊற்றிப் பார்த்தேன். முள் ஏறுவதற்குப் பதிலாகச் சற்று இறங்கியது. அவரைப் பார்த்தேன். “கரண்ட் ஆடுது மேடம். ஒரு ஸ்டெபிலைசர் போட்டுட்டா சரியாப் போயிடும்” என்றார். அன்று மின்விசிறியும் ஒரு மாதிரியாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. நான் தலையாட்டினேன். ஸ்டெபிலைசர் வாங்கினோம்.

கருவி வந்த பிறகு வேலை சுறுசுறுப்பாக நடந்தது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலையில் பஸ்ஸில் போய் இறங்கி, கரையோரமாக நடந்து, மடைக்குப் பக்கத்தில் தண்ணீர் எடுப்பேன். பாட்டில்களைக் கருப்புத் துணியில் சுற்றிக் கொண்டுவருவேன். பச்சையம் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் ஆய்வுக்கூடத்தில் சன்னலுக்கெல்லாம் கருப்புத்தாள் ஒட்டி, சோதனைக் குழாய்களுக்கும் கருப்புத்தாள் சுற்றி, அரை இருட்டில்தான் வேலை செய்வேன். அந்தக் கருவிக்குச் சிவப்பு மங்கலாகத்தான் தெரிந்தது. முள் எழவே மாட்டேன் என்றது. அதனால் பிரதிநிதி சொன்னபடியே செய்தேன். தண்ணீரைக் கூடுதலாக வடித்தேன், அசிட்டோனைக் குறைத்தேன், சாற்றைக் கெட்டியாக எடுத்தேன். முள் எழுந்தது. எனக்கு நிம்மதி.

அந்தக் கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் மீன்பாசிக் குத்தகையை உள்ளூர் விவசாயி ஒருவர் எடுத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கரையில் என்னைக் கண்டால், “வாங்க டீச்சரம்மா, இன்னைக்கு எம்புட்டுத் தண்ணி அள்ளப் போறீங்க? எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க” என்பார். அவர் விட்ட கட்லாவும் கெண்டையும் அந்த வருடம் நன்றாக வளர்ந்திருந்தன. இன்னொருவரும் எனக்குப் பழக்கம். கண்மாய்க்குக் கிழக்கே காலனியில் இருந்தவர், கூலிக்குப் பருத்திக்கு மருந்தடிப்பவர். ஒரு தடவை என் பாட்டில் கயிற்றிலிருந்து நழுவிச் சேற்றில் போய்விட்டது. கேட்காமலே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காலால் துழாவி எடுத்துக் கொடுத்தார். “கண்ணாடிச் சாமான்ல டீச்சர், பத்திரமாக் கட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கண்மாய் முழுக்க மீன் செத்து மிதந்தது.

எனக்கு அது தெரிய வந்தது மதியம். குத்தகைக்காரரும் மீன்துறை ஆய்வாளர் ஒருவரும் கல்லூரிக்கே வந்துவிட்டார்கள். குத்தகைக்காரரின் வேட்டி முழங்கால் வரை ஈரமாக இருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அம்புட்டும் போச்சு டீச்சரம்மா. ஒண்ணு மிச்சமில்ல. வெள்ள வெளேர்னு கெடக்கு கம்மாயி” என்றார். அவர் அழுவதை நான் பார்க்கக் கூடாது என்று தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஆய்வாளர் என்னிடம் நிதானமாகக் கேட்டார். “மேடம், மீன் இப்படி ஒரே நாள்ல சாகணும்னா ரெண்டு காரணந்தான் இருக்கும். பாசி கன்னாபின்னான்னு பெருத்துப் போனா, பொழுது விடியற நேரத்துல தண்ணியில ஆக்சிஜன் தீந்துபோயிரும். அது இல்லைன்னா மருந்து. செத்த மீனைச் சோதனைக்கு அனுப்பிருக்கோம், முடிவு வர மாசக்கணக்காகும். நீங்க வாராவாரம் பாசிய அளக்கிறீங்கன்னு சொன்னாங்க. இந்த வாரம் எப்படி இருந்துச்சு?”

நோட்டைப் புரட்டினேன். செவ்வாய்க்கிழமைக் கணக்கு அங்கே இருந்தது. முந்தின வாரத்தைவிடக் குறைவு. அதற்கு முந்தின வாரத்தைவிடவும் குறைவு.

“கம்மியாத்தான் சார் இருந்திருக்கு. மூணு வாரமாக் குறைஞ்சுக்கிட்டே வருது” என்றேன்.

குத்தகைக்காரர் மேசையில் கையை ஊன்றினார். “அப்ப மருந்துதான். அவந்தேன். நான் அப்பவே சொன்னேன்ல?”

அப்படி ஓர் “அவன்” இருக்கிறான் என்பதே அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. யார் என்று நான் கேட்கவில்லை. ஆய்வாளர் இதை எழுதித் தர முடியுமா என்றார். துறைத்தலைவர்தான் என் ஆய்வு வழிகாட்டியும். அவர் உடனே தட்டச்சருக்குச் சொன்னார். கல்லூரித் தாளில் ஆறு வரி. குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட கண்மாயில் பாசியின் அளவு இயல்புக்கும் குறைவாகவே இருந்தது. கீழே நான் கையெழுத்திட்டேன், பக்கத்தில் அவர். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அன்று கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. என் எண் ஒன்று ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே போய் ஒரு வேலைக்குப் பயன்பட்டிருக்கிறது என்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை கரைக்குப் போனபோது நாற்றம் தாங்க முடியவில்லை. பஸ் நிறுத்தத்து டீக்கடையில்தான் விவரம் கேட்டேன். மீன் சாவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மருந்தடிக்கிறவர் மடைப்பக்கம் தன் மருந்தடிக்கும் மிசினைக் கழுவியதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலையிலேயே அவரைக் கரைக்கு இழுத்துவந்து அடித்திருக்கிறார்கள். அதே மிசினின் பித்தளைக் குழாயால் வலது கையில் அடித்ததில் இரண்டு விரல் ஒடிந்தது. பிறகு ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். சனிக்கிழமை வழக்குப் போட்டார்கள். “காலேசுலயே எழுதிக் குடுத்துட்டாங்கல்ல, பெறகு என்ன?” என்றார் டீக்கடைக்காரர். எழுதிக் கொடுத்தது நான் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு, தண்ணீரும் எடுக்காமல் திரும்பினேன்.

ஆனாலும் என் எண்ணில் தவறு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர் விரல் ஒடிந்தது என்னை வாட்டியது. ஆனால் அவர் கழுவியிருக்கிறார், தெரியாமல் செய்திருக்கலாம், என்றே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மருந்தடிக்கிறவரின் மனைவி கல்லூரிக்கு வந்தார். வாசல் காவலாளி உள்ளே விடாமல் எனக்கு ஆள் அனுப்பினார். அந்தப் பெண் வேப்பமரத்துக்குக் கீழே நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். காலில் செருப்பில்லை, அவ்வளவு வெயிலில். கரையில் துணி துவைக்கும்போது பார்த்த முகம்.

“டீச்சரம்மா, நீங்கதான் எழுதிக் குடுத்ததாமே. என்ன எழுதுனீங்க?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“தண்ணியில பாசி கம்மியா இருந்துச்சுன்னு எழுதினேன்.”

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். “கம்மியாவா? அந்த வாரம் கம்மாத் தண்ணி கஞ்சியாட்டம் பச்சையாக் கெடந்துச்சேம்மா. வெள்ளத் துணிய முக்குனா பச்ச ஒட்டிக்கிருச்சு, நாங்க தொவைக்கவே வரல. நீங்க வந்து அள்ளுனீங்களே, பாக்கலியா?”

அள்ளியதும் பாட்டிலைக் கருப்புத் துணியில் சுற்றிவிடுவேன். அளந்த எண்ணைத்தான் நம்பியிருந்தேன்.

“அவரு மிசினக் கழுவுனது நெசந்தாம்மா. இல்லேங்கல. மருந்தடிச்சு நாலு நாளாச்சு, வெறும் மிசினு. அதுலயா இம்புட்டு மீனு சாகும்? விராலு ஒண்ணு சாகல. தவளை அம்புட்டும் கத்திக்கிட்டு இருக்கு. மருந்துன்னா அதுகளும்ல செத்துருக்கணும்? இத ஸ்டேசன்ல சொன்னா, போம்மாங்கிறாக.”

விரால் சாகவில்லை என்ற அந்த ஒரு வார்த்தை போதும். விரால் தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன். தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்தாலும் அது பிழைக்கும். விஷம் என்றால் பிழைக்காது. இதை நான் மாணவிகளுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். குத்தகைக்காரர் வந்து நின்ற அன்று, எந்தெந்த மீன் செத்தது என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

“நாளைக்கு வாங்க” என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

ஆய்வுக்கூடத்துக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். ஒவ்வொரு வாரமும் இரண்டு குழாய் சாறு எடுப்பேன். ஒன்றை அளந்துவிட்டு, மற்றதைக் கருப்புத்தாள் சுற்றிக் குளிர்பெட்டியில் வைப்பேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக் குழாயை எடுத்து, சன்னல்தாளைக் கிழித்து, வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது கரும்பச்சை. குழாய்க்குப் பின்னால் என் விரலை வைத்தால் தெரியவில்லை, அவ்வளவு கெட்டி.

அதை அப்படியே கருவியில் வைத்தேன். முள் நோட்டில் இருந்த அதே குறைவான இடத்தில் போய் நின்றது. பிறகு ஒரு பங்கு சாற்றில் ஒன்பது பங்கு அசிட்டோன் கலந்து வைத்தேன். தண்ணியாக்கினால் முள் இறங்க வேண்டும். அது ஏறியது. இன்னும் ஒரு மடங்கு தண்ணியாக்கினேன். இன்னும் ஏறியது.

சாறு அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால் நீல வெளிச்சம் உள்ளே நுழையவே முடியாது, முன்னோரத்திலேயே விழுங்கப்பட்டுவிடும். நடுவிலிருந்து வரும் சிவப்பைப் பார்க்கிற கருவிக்கு அங்கே இருட்டுதான் தெரியும். பச்சை கூடக் கூட முள் இறங்கும். புத்தகத்தில் உள்ள விஷயம், பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயம். சிவப்பு சரியாகத் தெரியாத மலிவான கருவியை வாங்கி, அதற்குத் தெரியட்டும் என்று சாற்றைக் கெட்டியாக்கி, நானே என் கண்ணைக் கட்டியிருக்கிறேன். மூன்று வாரமாகப் பாசி குறையவில்லை. மூன்று வாரமாகப் பெருகிக்கொண்டே போயிருக்கிறது.

மிச்சமிருந்த சாற்றை எடுத்துக்கொண்டு வேதியியல் துறைக்கு ஓடினேன். அன்று வியாழக்கிழமைகூட இல்லை. தோழி என் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் தன் வேலையை நிறுத்திவிட்டு இடம் கொடுத்தாள். ஸ்பெக்ட்ரோ சொன்ன அளவு, நான் எழுதிக் கொடுத்ததைப் போல் முப்பது மடங்குக்கு மேல். தோழி இரண்டாவது தடவையும் வைத்துப் பார்த்தாள். அதே அளவு.

துறைத்தலைவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அவர் பார்வை என்னைவிட்டுக் கருவிப்பக்கம் போனதை நான் கவனித்தேன்.

“கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சேம்மா” என்றார்.

“தப்பாக் குடுத்துட்டோம் சார். இன்னொண்ணு எழுதிக் குடுக்கணும்.”

“என்னன்னு எழுதுவ? எங்களுக்கு அளக்கத் தெரியலைன்னா? நிதி குடுத்தவங்க நாளைக்குக் கேப்பாங்க. உன் ஒரு வருஷ டேட்டாவும் போச்சு, தெரியுமா? மீனைச் சோதனைக்கு அனுப்பிருக்காங்கள்ல, அதுல உண்மை வந்துரும். கொஞ்ச நாள் பொறு.”

“அதுவரைக்கும் அவர் உள்ள இருக்கணுமா சார்?”

“நீயா உள்ள வச்ச?” என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது நன்றாக இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீ உன் பேருல எழுதுறதா இருந்தா நான் தடுக்கல.”

அன்று மாலை என் கையாலேயே எழுதினேன். கல்லூரித் தாள் இல்லை, வெள்ளைத்தாள். எழுதுவது அவ்வளவு எளிதாக இல்லை. பாசிதான் மீனைக் கொன்றது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, நான் அங்கே இல்லை. ஆனால் பாசி குறைவாக இருந்தது என்று நான் சொன்னது தவறு. மீன் செத்த விதம் மூச்சுமுட்டலையே காட்டுகிறது. இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

மறுநாள் மருந்தடிக்கிறவரின் மனைவி வந்தார். இருவரும் ஒரே பஸ்ஸில் ஸ்டேஷனுக்குப் போனோம். வழியில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கருவி, சாறு, முள் எல்லாம். புரிகிற மாதிரி சொன்னேனா தெரியாது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி கேட்டார். வெகுநேரம் கழித்து, “இம்புட்டுப் படிச்சவுக, ஒருக்காக் கண்ணால பாத்துருக்கலாம்ல?” என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் என் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஒரே ஆளு, ஒரே தண்ணி, ரெண்டு கடுதாசி. எதம்மா நான் நம்புறது?” என்று கேட்டார். நான் விளக்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். வாங்கி வைத்துக்கொள்ளவாவது செய்யுங்கள் என்று மன்றாடினேன். வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் மருந்தடிக்கிறவர் ஜாமீனில் வெளியே வந்தார். என் தாள் அதற்கு உதவியதா, இல்லை காலனிக்காரர்கள் வைத்த வக்கீலின் முயற்சியா, எனக்குத் தெரியாது.

குத்தகைக்காரரையும் போய்ப் பார்த்தேன். வீட்டு முற்றத்தில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாங்க என்றார். தண்ணீர் கொடுத்தார். நான் சொல்லி முடித்ததும் செம்பைக் கீழே வைத்தார்.

“அப்ப என் மீனக் கொன்னது யாரு? பாசியா? பாசியப் பிடிச்சுட்டுப் போயி ஸ்டேசன்ல வைக்கவா?”

“அண்ணே, வெயிலும் கண்மாய்ல விழுற சாக்கடையும் சேந்துதான் பாசி பெருத்து...”

“நீங்கதான டீச்சரம்மா எழுதுனீங்க? நான் கேட்டேன், நீங்க எழுதுனீங்க. நான் அத நம்பித்தான ஊரக் கூட்டி நின்னேன்? இப்ப வந்து இல்லேங்கிறீங்க. என் மூஞ்சிய நான் எங்க கொண்டு வைக்கிறது?” என்றார். அவர் அடித்தாரா, அடிக்கும்போது நின்றாரா, நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் விரல் ஒடிந்தது, நான் எழுதிக் கொடுத்தது மதியம். அந்த நேரக் கணக்கைப் பல தடவை போட்டுப் பார்த்து என்னைத் தேற்றிக்கொள்ள முயன்றிருக்கிறேன். அதற்குப் பிறகு மருந்தடிக்கிறவர் உள்ளே இருந்த நாட்கள் என் எழுத்தால் வந்தவை.

வழக்கு ஒன்றரை வருடம் இழுத்தது. சோதனைக்குப் போன மீன் வழியிலேயே அழுகிவிட்டதால் எதுவும் சொல்ல முடியவில்லை என்று ஒரு நாள் முடிவு வந்தது. குத்தகைக்காரர் வாய்தாவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். வழக்கு விழுந்தது. இதற்குள் நான் அந்தக் கருவியில் எடுத்த எல்லா எண்களையும் கிழித்துப் போட்டுவிட்டு, வியாழக்கிழமை மதியங்களில் முதலிலிருந்து தொடங்கியிருந்தேன். துறைத்தலைவர் என்னிடம் வேலை விஷயம் தவிர வேறு பேசுவதில்லை. பட்டம் மூன்று வருடம் தள்ளிப்போனது. அக்கா வீட்டில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் நான் எழுந்து மாடிக்குப் போய்விடுவேன்.

மருந்தடித்தவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். கப்பலூரில் ஒரு சின்னப் பட்டறையில் பாரம் ஏற்றி இறக்குகிறார் என்றார்கள். வழக்கு முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை அங்கே போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமலேயே போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் வெளியே வந்தார், தோளில் கிடந்த சட்டையை அவசரமாக மாட்டிக்கொண்டு. பொத்தானை இடக்கையால் போட்டார். வலக்கையில் இரண்டு விரல் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தன.

“இப்ப எதுக்கு டீச்சர் வந்தீங்க?”

“உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு. தப்பு என்னோடது. நான் வாங்குன கருவி, நான் போட்ட கணக்கு.”

“வீட்டுல சொல்லுச்சு” என்றார். “ஊருக்குள்ள சொன்னீங்களா?”

“ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தேன். குத்தகைக்காரர்கிட்டச் சொன்னேன்.”

“அது கேசுக்கு. ஊருல சொல்லலைல்ல? எங்க அண்ணன் புள்ளைக அங்கதான் இருக்கு. இன்னும் மருந்து வச்சவன் வீடுன்னுதான் சொல்றாக.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதியது. “வாரேன் டீச்சர்” என்று உள்ளே போய்விட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தண்ணீர் எடுக்கும் பாட்டில் எதுவும் இல்லாமல் அந்த ஊருக்குப் போனேன். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பெஞ்சில் எனக்கு இடம்விட்டு நகர்ந்தார்கள். அந்த பெஞ்சில் காலனிக்காரரான அவர் ஒரு நாளும் உட்கார்ந்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். உட்காராமல் நின்றேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மீன் செத்தபோது பாசி குறைவு என்று எழுதிக் கொடுத்தது நான் என்றும், அது தப்புக் கணக்கு என்றும், அன்றைக்குக் கண்மாயில் பாசி நிறையக் கிடந்தது என்றும், மூச்சுமுட்டித்தான் மீன் செத்திருக்கும் என்றும் சொன்னேன். விராலைப் பற்றிச் சொன்னபோது ஒரு பெரியவர் “ஆமா, விராலு சாகலதான்” என்று தன்பாட்டுக்குச் சொன்னார்.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார். “அப்ப அவன் மேல தப்பில்லேங்கிறீங்களா?”

இருக்க வாய்ப்பில்லை, பெரும்பாலும் இல்லை, சான்றுகள் அப்படிக் காட்டவில்லை என்றெல்லாம் வாய்வரை வந்தது. ஆய்வேட்டில் அப்படித்தான் எழுத வேண்டும்.

“இல்லை. அவர் மேல தப்பில்லை” என்றேன்.

“இத அன்னைக்கே வந்து சொல்லிருக்கலாமே” என்றார் அவர்.

ஒருவர் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பெரியவர் பீடியைப் பற்றவைத்தார். நான் அங்கேயே பத்து நிமிடம் நின்றிருப்பேன், பஸ் வரும்வரை.